பெரிய ரோட்டில் கலக்கும் அந்தப் பத்து விநாடி!

சித்த வைத்தியருக்கும் கார் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, நாற்பது, நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் கழுத்துப் பிடிப்பு, தோள்வலி, படபடப்பு என்று என்னிடம் வருகிறார்கள். 'எந்த இடத்தில் ரொம்பப் பயமாக இருக்கிறது?' என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 'எங்க தெருவுல ஓட்டும்போது ஒண்ணும் தெரியலை டாக்டர். சர்வீஸ் ரோட்டிலேர்ந்து பெரிய ரோட்டுல ஏறணும் பாருங்க, அங்கேதான் கை கால் ஓட மாட்டேங்குது.'

நியாயமான பயம்தான். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் ஒரு மாதத்தில் காலுக்கும் கைக்கும் பழகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு நடுவே நம் வண்டியைச் சேர்ப்பதும், எங்கே அடுத்தவருக்கு வழி விடுவது என்று முடிவெடுப்பதும் அவ்வளவு சுலபமாகப் பழகுவதில்லை. அதற்குக் கண், கழுத்து, மூச்சு மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் டெஸ்டுக்கு வேண்டியதைச் சொல்லித் தருகிறார்கள். இந்த மூன்றையும் பற்றிப் பேச அங்கே யாருக்கு நேரம்?

பயம் உடம்பில் என்ன செய்கிறது?

பெரிய ரோடு கண்ணில் பட்டதும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வயிற்றுக்குப் போகாமல் மார்பின் மேல்பாகத்திலேயே நின்றுவிடுகிறது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறுகின்றன. கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. கழுத்து விறைத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், கவனம் சுருங்கிப் போவது. ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல முன்னால் இருக்கும் வண்டி மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நமக்கு வேண்டியதோ பின்னாலும் பக்கவாட்டிலும் வருவதைப் பார்ப்பது!

இந்த நிலையில் புது டிரைவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். ரோட்டின் வாயிலேயே திடுக்கென்று நிற்பார். இல்லாவிட்டால், 'சாமி விட்ட வழி' என்று பார்க்காமலே உள்ளே நுழைவார். முதலாமவரை 'பயந்தவர்' என்கிறோம், இரண்டாமவரை 'துணிச்சல்காரர்' என்கிறோம். நாடி பிடித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே படபடப்புதான்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஏறும் இடத்துக்கு ஒரு நூறு மீட்டர் முன்பே மூச்சை மூக்கு வழியாக மெதுவாக வெளியே விடுங்கள். மூன்று எண்ணும் நேரம் இழுத்தால், ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். இரண்டு தரம் போதும். கூடவே தோளைக் கீழே இறக்குங்கள். மூச்சை உள்ளே அடக்கும் கும்பகம் இங்கே வேண்டாம். ஒருவர் சிக்னலில் கண்ணை மூடிப் பிராணாயாமம் செய்ததாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். வேண்டவே வேண்டாம், சாமி!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

'மெதுவாகப் போ, பத்திரமாகப் போ' என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சேரும் இந்த ஓர் இடத்தில் அது அப்படியே பொருந்தாது. ஏன்?

பெரிய ரோட்டில் ஒரு கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருகிறது. நீங்கள் 30 கி.மீ. வேகத்தில் அதற்கு முன்னால் நுழைகிறீர்கள். அது உங்களுக்குப் பின்னால் 100 மீட்டர் தூரத்தில் இருந்தால், ஏழே விநாடியில் உங்கள் முதுகைத் தொட்டுவிடும். அதே இடத்தில் நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் நுழைந்தால்? சுமார் 18 விநாடி ஆகும். அதற்குள் அவர் உங்களைப் பார்த்து வேகத்தைக் குறைக்கலாம், பக்கத்துப் பாதைக்கு மாறலாம். ஆபத்து உங்கள் வேகத்தில் மட்டும் இல்லை, இரண்டு வண்டிகளின் வேகத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

ஆகவே, சேரும் இடத்தில் சாய்வாக நீண்ட பாதை விட்டிருந்தால், அது வேகம் எடுக்கத்தான். அதன் தொடக்கத்திலேயே வலது இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, எந்த இரண்டு வண்டிக்கு நடுவே சேரப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு வேகத்தைக் கூட்டுங்கள். பாதையின் கடைசி முனையில் போய் யோசிக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே இடம் கிடைக்காது என்று தெரிந்தால், அப்போதே வேகத்தைக் குறைத்து அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த இடைவெளிக்குத் தயாராகலாம்.

நம் ஊரில் பாதி இடங்களில் அப்படிப் பாதையே இருக்காது. சர்வீஸ் ரோட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஒரு சின்னத் திறப்பு, அவ்வளவுதான். அங்கே நின்றுதான் ஏற வேண்டும். நின்ற நிலையிலிருந்து 60 கி.மீ. வேகத்தை எட்ட, புதிதாக ஓட்டுகிறவருக்குக் குறைந்தது பத்து விநாடி வேண்டும். அந்தப் பத்து விநாடியில் 80ல் வரும் வண்டி சுமார் 220 மீட்டரும், 100ல் வரும் வண்டி சுமார் 280 மீட்டரும் தாண்டிவிடும்.

220 மீட்டரை எப்படி அளப்பது? நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய குட்டிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டவை. இரண்டு கற்களுக்கு நடுவே ஒருதரம் நடந்து பார்த்தால் அந்தத் தூரம் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். பிறகு நீங்கள் தினமும் ஏறும் இடத்தில் ஒருநாள் காரை ஓரமாக நிறுத்தி இறங்கி, அதே தூரத்தில் என்ன மரம், என்ன பெட்டிக்கடை இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தைத் தாண்டி இப்பால் வந்துவிட்ட வண்டியை எதிர்த்து ஏற வேண்டாம், விட்டுவிடுங்கள். பாய்ந்து வருவதாகத் தெரிந்தால் மரத்துக்கு அப்பால் இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பத்து விநாடியில் நீங்களும் கொஞ்ச தூரம் முன்னேறியிருப்பீர்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டுமே! இடி வாங்கப் போவது அவர் வண்டி இல்லையே.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. 2008ல் திறந்த கத்திப்பாரா மேம்பாலம் போன்ற இலை வடிவப் பாலங்களில், ஒரு வளைவிலிருந்து இறங்கி நீங்கள் சாலையில் சேரும் அதே துண்டில்தான், அடுத்த வளைவுக்குப் போகிறவர் சாலையிலிருந்து விலகி வருவார். நீங்கள் வலப்பக்கம் போக வேண்டும், அவர் இடப்பக்கம் வர வேண்டும். ஜடை பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், மாறி மாறி. இருவரும் ஒரே சீரான வேகத்தில் போனால் பின்னல் விழும். ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் சிக்கல்தான்.

கண் பார்த்தும் பார்க்காத பைக்

'நான் பார்த்தேன் டாக்டர், யாருமே இல்லை. எங்கிருந்தோ வந்துட்டான்!' இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணின் அமைப்பு அப்படி.

நம் கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சின்னது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான். மற்ற இடமெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். அசைந்தால் தெரியும், அசையாவிட்டால் தெரியாது. தலையைச் சடக்கென்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பும்போது, கண் தாவும் அந்தக் கணத்தின் காட்சியை மூளை கத்தரித்துவிடும். கத்தரித்த துண்டில் ஒரு பைக் இருந்தால்? அதில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை என்று ஒரு குடும்பமே இருந்தாலும், நம் மூளைக்கு அங்கே வெறும் ரோடுதான்.

ஆகவே ஒரே வீச்சாகப் பார்க்காதீர்கள். தூரத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், பக்கத்தில் ஓரிடம் என்று பார்வையை அரை விநாடி நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் சாய்ந்து நிற்கும் கம்பம் ஒரு பைக்கை முழுசாக மறைக்கும். அதனால் முன்னும் பின்னும் ஒருதரம் தலையை அசைத்துப் பாருங்கள். சின்ன வண்டி தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண் ஏமாற்றும். லாரியைப் பார்த்துப் போட்ட கணக்கைப் பைக்குக்குப் போடாதீர்கள். ராத்திரியில் ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்று நிச்சயம் செய்துவிட வேண்டாம், ஒரு பல்பு போன லாரியாகவும் இருக்கலாம்!

பக்கக் கண்ணாடி பெரும்பாலும் குவிந்த கண்ணாடி. அதில் தெரியும் வண்டி நிஜத்தில் இன்னும் பக்கத்தில் இருக்கும். உங்கள் காரின் பக்கவாட்டு கொஞ்சமே கொஞ்சம் தெரியும்படி அதை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால் மறைவிடம் குறையும். முழுதும் போகாது. மிச்சத்துக்குக் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடது ஓரமாக எதிர்த்திசையில் ராங் சைடில் ஒரு டூவீலர் வரும். வரக் கூடாதுதான். ஆனால் வரும். காரை நகர்த்தும் முன் இடப்பக்கமும் ஒரு பார்வை.

கழுத்து திரும்புகிறதா?

பேங்க்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், வயது 47, கழுத்து வலியென்று வந்தார். கார் ஓட்டப் பழகி மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். முகவாய் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. 'அப்போ பெரிய ரோட்டில் ஏறும்போது எப்படிம்மா பார்க்கிறீங்க?' என்றேன். 'கண்ணாடியில பார்த்துட்டு, இண்டிகேட்டர் போட்டுட்டு ஏறிடுவேன்' என்றார் சாதாரணமாக. சர்வீஸ் ரோட்டிலிருந்து சேரும்போது வண்டிகள் வருவது வலது தோளுக்குப் பின்னாலிருந்து. அந்தத் திசைக்கே கழுத்துத் திரும்பவில்லை!

கழுத்து எலும்புத் தேய்மானத்தைச் சித்த மருத்துவத்தில் சகன வாதம் என்போம். வயது ஏற ஏறக் கழுத்தின் திருப்பம் குறைந்துகொண்டே வரும். குறைவது நமக்கே தெரியாது, உடம்பையும் சேர்த்துத் திருப்பப் பழகிவிடுவோம். சீட் பெல்ட் மாட்டிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

நீங்களும் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து தலையை மெதுவாகத் திருப்பினால் முகவாய் ஏறக்குறைய தோளுக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால், காலையில் வாதகேசரி தைலத்தை இளஞ்சூடாக்கிக் கழுத்திலும் தோளிலும் மெதுவாகத் தடவி, வலப்பக்கம் ஐந்து முறை, இடப்பக்கம் ஐந்து முறை, எட்டு எண்ணும் நேரம் எடுத்துத் திருப்புங்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சலூனில் செய்வதுபோல 'டக்'கென்று சொடுக்கு எடுக்கவே கூடாது. கழுத்தைத் திருப்பும்போது தலை சுற்றினாலோ, கை மரத்துப் போனாலோ, தைலத்தை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை காரைத் தொட வேண்டாம்.

உட்காரும் விதமும் முக்கியம். பயத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கழுத்து திரும்பாது. முதுகு முழுதும் சீட்டில் படியட்டும்.

யாருக்கு யார் வழி விடுவது?

சட்டம் சொல்வது அதிகமில்லை. சின்ன ரோட்டிலிருந்து வருகிறவர் பெரிய ரோட்டில் போகிறவருக்கு வழி விட வேண்டும். சிவப்பு விளிம்பு போட்ட தலைகீழ் முக்கோணப் பலகை அதைத்தான் சொல்கிறது. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. அவர் உங்கள் வலப்பக்கமிருந்து வருவார். சிக்னலும் போலீஸும் இல்லாத நாற்சந்தியிலும் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு விடுங்கள். கொல்லிமலை மாதிரி குறுகலான மலைப்பாதையில் கீழே இறங்குகிறவர் ஒதுங்கி, மேலே ஏறுகிறவரை விட வேண்டும். வரிக்குதிரைக் கோட்டில் கால் வைத்தவருக்கு நின்றுதான் ஆக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால், 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சைரன் கேட்டதும் நடு ரோட்டில் பிரேக் போட்டு நின்றுவிடாதீர்கள். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள்.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத சிலதையும் தெரிந்துகொள்ளுங்கள். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை மினுக்கினால் 'நீங்க போங்க' என்று சொல்வதாக நினைத்து ஏறிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. நம் ஊரில் அதற்கு அர்த்தம் பெரும்பாலும் 'நான் வர்றேன், நில்லு!' என்பதுதான். முன்னால் போகும் லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தால், அவர் வலப்பக்கம் திரும்புகிறாரா, உங்களை முந்திப் போகச் சொல்கிறாரா என்று நிச்சயம் தெரிகிறவரை பின்னாலேயே இருங்கள். ஸ்டாப்பிலிருந்து பஸ் வெளியே வருகிறதா? சட்டம் பேசிக்கொண்டிருக்காமல் விட்டுவிடுங்கள். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து இறங்கிய பயணி குறுக்கே ஓடி வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

மரியாதையே ஆபத்தாகும் இடமும் உண்டு. பெரிய ரோட்டில் போகும்போது, ஓரத்தில் நிற்கும் பாட்டியம்மா மேல் இரக்கப்பட்டுத் திடீரென்று நிறுத்தி, 'போங்க' என்று கை காட்டுகிறோம். அவரும் நம்மை நம்பி இறங்குகிறார். நம் காரை ஒட்டி வரும் பைக்காரருக்கோ பாட்டி தெரியவே மாட்டார். நிறுத்த வேண்டுமானால் முன்கூட்டியே, பின்கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக நிறுத்துங்கள். 'போங்க' என்று சொல்லும் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரே பார்த்துப் போகட்டும்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்...

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு கார் பழகப் போகக் கூடாது. பயத்தில் வரும் நடுக்கம், வியர்வை, படபடப்பும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வருவதும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். 'பயம்தான்' என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனால் விபரீதம். நடுங்கினால் ஓரங்கட்டி நிறுத்தி, கையில் இருக்கும் சர்க்கரையையோ குளுக்கோஸையோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகும் உடனே கிளம்ப வேண்டாம்.

சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரும். எங்கள் மருந்துகளும் விதிவிலக்கில்லை. தூக்கத்துக்காக அமுக்கராவோ ஜாதிக்காயோ சேர்ந்த மருந்து சாப்பிடுகிறவர்கள், கார் பழகும் விஷயத்தை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு உடம்பு அசந்து வரும். அன்று கார் பாடம் வைத்துக்கொள்ள வேண்டாம். சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது. தூக்கம், பசி, தாகம், சிறுநீர் எல்லாம் அதில் சேரும். சிறுநீரை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எந்த இடைவெளியும் பெரிய இடைவெளியாகத்தான் தெரியும்!

40 வயதைக் கடந்து லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கு டாக்டர் சான்று கேட்கிறார்கள். அதைக் கையெழுத்துக்கான சடங்காக நினைக்காமல், கண் டாக்டரிடமும் போய் வாருங்கள். கண் நீர் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில், சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போகும். நேர்ப்பார்வை சரியாக இருப்பதால் நமக்குச் சந்தேகமே வராது. மூக்குக் கண்ணாடிக்கு அகலமான காது பிரேம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கடைசியாக, பக்கத்தில் உட்காரும் வீட்டுக்காரர்களுக்கு. 'போ, போ!' 'நில்லு, நில்லு!' இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் 'போ' அவர் காலுக்குப் போய்ச் சேர ஒரு விநாடியாவது ஆகும். அதற்குள் 80ல் வரும் வண்டி 22 மீட்டர் வந்திருக்கும். 'இடப்பக்கம் பைக்', 'பின்னால் லாரி' என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். முடிவு ஓட்டுகிறவருடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, ரோடு காலியாக இருக்கும்போது, ஒரே திறப்பில் ஏறி, அடுத்த திறப்பில் இறங்கி, பாலத்துக்கு அடியில் திரும்பி வந்து மறுபடி ஏறுங்கள். பத்து முறை. அடுத்த வாரம் 7 மணிக்கு, அதற்கடுத்த வாரம் 8 மணிக்கு. சாயங்கால நெரிசலுக்கும் மழைக்கும் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்.